டிரேக்கைக் கடக்கும் நாள்: மும்பையிலேயே முடிக்க வேண்டிய வேலை

அண்டார்டிகா கிளம்பும் மாட்டுங்கா, செம்பூர்க்காரர்கள் பையில் எமிசெட் என்ற வாந்தி மாத்திரை கட்டாயம் இருக்கும். மற்ற வாந்திக்கு நல்ல மருந்துதான், கடல் ஆட்டத்துக்கு அநேகமாக உதவாது. கோளாறு தொடங்குவது வயிற்றில் அல்ல. கேபின் சுவர் அசையவில்லை என்கிறது கண், எல்லாம் அசைகிறது என்கிறது உள்காது. அந்தக் குழப்பத்தைத் தணிப்பவை அவோமின், ஸ்டுஜெரான் வகை மாத்திரைகள். க்ளௌகோமாவோ ப்ராஸ்டேட் தொந்தரவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கப்பல் கிளம்பும் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகம் உஷுவாயாவிலிருந்து முதல் சில மணி நேரம் பீகிள் கால்வாய், குளம் மாதிரி இருக்கும். ஏமாறுவது அங்கேதான். அதைத் தாண்டினால் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே சுமார் 800 கி.மீ. அகல டிரேக் நீரிணை. அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றிவரும் அலையைத் தடுக்க நிலமே கிடையாது. கடக்க ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். குமட்டல் வந்தபின் போடும் மாத்திரை வயிற்றில் தங்காது, ஆகவே கால்வாயில் இருக்கும்போதே உள்ளே போயிருக்க வேண்டும். எவ்வளவு தூக்கம் வருகிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கேட்வே–மாண்ட்வா படகில் ஒன்றும் ஆகவில்லையே என்று தெம்பாக இருப்பது வீண். அது ஒரு மணி நேரக் குலுக்கல், இது விடாத நெடிய அலை.

கேபின் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் இருந்தால் ஆட்டம் குறைவு. பால்கனிக்காக மேல்தளத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் ஆட்டத்தையும் சேர்த்து வாங்குகிறார்கள். ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கவாட்டு உருளலைக் குறைக்கும், முன்பின் ஏறி இறங்குவதை நிறுத்தாது. படுக்கையிலிருந்து உருண்டால் மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகுங்கள். சுவர்ப்பக்கம் பள்ளமாகி உடம்பு நிற்கும். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். பிஸ்கட், இஞ்சி மரப்பா போதும்.

ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். கதவைக் கைப்பிடியைப் பிடித்தே திறக்க வேண்டும், ஓரத்தைப் பிடித்தால் அடுத்த அலையில் விரல் நசுங்கும்.

கரையிறங்கும்போது போடும் துணி, பைகளில் வெளி விதை, மண் அண்டார்டிகாவுக்குள் போகாமல் தடுக்கும் உயிர்ப்பாதுகாப்புச் சோதனையும் பெரும்பாலும் இதே கடல் நாளில்தான் நடக்கும். குனிந்து வெல்க்ரோவில் விதை பொறுக்கினால் தலை சுற்றும். ஊரிலேயே வேக்குவம் போட்டு, ஊசியால் கிளறி எடுத்துவிடுங்கள். பழைய பயணத்து முறுக்குப் பொட்டலத்திலிருந்து உதிர்ந்த எள், சீரகம் பாக்கெட் தையலில்தான் ஒளிந்திருக்கும்.