டெப்களை மடித்து வைத்தல்: வன்டெப் பாவிப்பவர்களுக்கு

மட்டக்களப்பு, கல்முனை கொமினிகேஷன் கடைகளிலும், வந்தாறுமூலை, ஒலுவில் கெம்பஸ் பிள்ளைகளின் லப்டொப்களிலும் 4 ஜிபி ரெம்மோடு (தற்காலிக நினைவகம்) ஓடும் மெஷின்கள் இன்னும் இருக்கின்றன. குரோமில் முப்பது நாற்பது டெப்களைத் திறந்துவிட்டால் ரெம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே ரெம் போலப் பாவிக்கத் தொடங்கும். டெப் மாறும்போதெல்லாம் இழுபடுவது அதனால்தான். எந்த டெப் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க, குரோமுக்குள் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப்பை அழுத்துங்கள். வருகிற பட்டியலில் மெமரி என்ற தலைப்பைக் கிளிக் பண்ணினால் பெருந்தீனிக்காரர்கள் மேலே வந்து நிற்பார்கள்.

இதற்கு நான் சிபாரிசு செய்வது வன்டெப் (OneTab) என்ற இலவச எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணைக் கருவி. குரோம் வெப் ஸ்டோரில் எடுத்துப் போட்டபிறகு, மேலே வலப்பக்கம் இருக்கும் புதிர்த்துண்டு அடையாளத்தைத் திறந்து வன்டெப்புக்கு எதிரேயுள்ள ஊசியை அழுத்திவிட்டால் ஐகன் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். அந்த ஐகனை ஒருமுறை கிளிக் பண்ணினால் அந்த விண்டோவில் உள்ள டெப்கள் மூடப்பட்டு, அவற்றின் முகவரிகள் மட்டும் ஒரே பக்கத்தில் பட்டியலாக விழும். ஒரு டெப்பை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் பக்கத்தில் ரைட் கிளிக் பண்ணி வன்டெப் மெனுவுக்குள் போகலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் அன்றன்றே பெயர் வையுங்கள். ‘அசைன்மென்ட்’, ‘வேலை விண்ணப்பம்’ என்று இரண்டு சொல் போதும். பெயரில்லாத தொகுதிகள் நிறைந்த பட்டியலில் பிறகு ஒன்றும் தேடிப்பிடிக்க முடியாது.

இது வைத்திருப்பது முகவரியை மட்டும்தான், பக்கத்தை அல்ல. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல்தான் பலரும் நட்டப்படுகிறார்கள். பாதி நிரப்பிய ஒன்லைன் விண்ணப்பத்தை வன்டெப்புக்குள் மடித்தால் நிரப்பியது பெரும்பாலும் போய்விடும். பரீட்சைப் பெறுபேறு போல, சுட்டெண் கொடுத்து எடுத்த பக்கம் திரும்பி வரும்போது வெறும் பெட்டியோடு நிற்கும்; சுட்டெண்ணைத் திரும்பவும் கொடுக்க வேண்டும். வங்கிப் பக்கம் மறுபடி லொகின் கேட்கும். அப்படியானவற்றை முதலில் முடியுங்கள், அல்லது பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அதன்பிறகு ஐகனைத் தொடலாம்.

டாட்டா கணக்கும் உண்டு. ரெம்மில் மிச்சம் பிடித்ததை டாட்டாவில் கொடுக்க நேரலாம், ஏனென்றால் திரும்பத் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் பெரும்பாலும் புதிதாகவே இறங்குகிறது. ஒரு தொகுதியை மொத்தமாகத் திறந்தால் எல்லாம் சேர்ந்து இறங்கத் தொடங்கும். மெஷினும் திணறும், டாட்டாவும் கரையும். தேவைப்படும் ஒன்றை மட்டும் கிளிக் பண்ணுங்கள். வீடியோ உள்ள பக்கங்களை, இரவு டாட்டா தனியாக உள்ள பெக்கேஜ் என்றால் இரவுக்கு ஒதுக்கி வையுங்கள். ஒன்றைத் திறந்ததும் அது பட்டியலிலிருந்து நீங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்காமல் இருக்க கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் பண்ணலாம், அல்லது அந்தத் தொகுதியைப் பூட்டிவிடலாம். தினமும் திறக்கும் இணையத்தளங்களின் தொகுதியைப் பூட்டியே வைத்திருப்பதுதான் நல்லது.

இனி பெக்கப். வன்டெப் பட்டியல் உங்கள் மெஷினுக்குள்ளேயே, குரோம் புரொஃபைல் கோப்புறையில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனை நீக்கினால் பட்டியலும் சேர்ந்து அழியும். கூகுள் கணக்கில் சைன்-இன் பண்ணியிருந்தால் புதிய மெஷினில் எக்ஸ்டென்ஷன் வந்துவிடும், பட்டியல் வராது. திருத்தக் கொடுத்த லப்டொப்பை ஃபோமட் பண்ணும்போது டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் மட்டும் கொப்பி பண்ணினால், மறைந்திருக்கும் எப்டேட்டா கோப்புறையில் உள்ள புரொஃபைல் அப்படியே போய்விடும். ஆகவே வாரத்துக்கு ஒருதடவை வன்டெப் பக்கத்தில் எக்ஸ்போர்ட் பகுதியைத் திறந்து, வருகிற எழுத்து முழுவதையும் நோட்பேடில் ஒட்டி, பென்ட்ரைவிலோ உங்களுக்கே அனுப்பும் மின்னஞ்சலிலோ வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் முகவரி, ஒரு செங்குத்துக் கோடு, தலைப்பு என்று இருக்கும். அதையே இம்போர்ட் பெட்டியில் ஒட்டினால் பட்டியல் திரும்பி வந்துவிடும்.

கடையிலோ கணினி லேப்பிலோ பலர் பாவிக்கும் மெஷினில் வன்டெப் போடவேண்டாம். அடுத்தவர் ஐகனைத் தொட்டாலே உங்கள் பட்டியல் தெரியும். அங்கே குரோமின் கெஸ்ட் விண்டோவே (விருந்தினர் சாளரம்) சரி. அதில் எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யா, மூடியதும் தடயமும் நீங்கும்.

எந்த எக்ஸ்டென்ஷனும் வேண்டாம் என்பவர்களுக்கு குரோமிலேயே மெமரி சேவர் இருக்கிறது. செட்டிங்ஸில் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் போய் ஒன் பண்ணலாம். கொஞ்சநேரம் தொடாத டெப்பின் மெமரியை அது விடுவிக்கும். டெப் மேலே அப்படியே நிற்கும், தொட்டால் மறுபடி லோட் ஆகும். பாதி நிரப்பிய படிவம், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு, இறங்கிக்கொண்டிருக்கும் கோப்பு, பின் பண்ணிய டெப் ஆகியவற்றை அது தொடாது. விண்ணப்ப வேலையே அதிகமாகச் செய்பவர்களுக்கு வன்டெப்பை விட இதுவே பாதுகாப்பு.

வேறு டெப் எக்ஸ்டென்ஷன் எதையாவது போடுவதென்றால் பாவிக்காத டெப்களை உறங்க வைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனுக்கு நடந்ததைத் தெரிந்து வைத்திருங்கள். நம்பிக்கையான கருவியாக இருந்த அது 2020 இல் கைமாறியது. தீங்கான நிரல் இருக்கிறதென்று 2021 பெப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. அது உறங்க வைத்திருந்த டெப்களும் அந்தக் கணத்திலேயே மூடிப்போயின. ஹிஸ்டரியில் கிடந்த நீண்ட முகவரியின் வால்பகுதியில்தான் உண்மையான முகவரியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. போடும்போது அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று வாசியுங்கள். எல்லா இணையத்தளங்களிலும் உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும் கேட்டால், டெப் அடுக்குவதற்கு அது எதற்கென்று பார்த்துவிட்டு, காரணம் பிடிபடவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.