செம்பி நொண்டிய மழைக்காலம்

ஜூன் பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்தில், எங்கள் தலவாக்கலைப் பக்கம் மழை விடாது. அந்த மழையில்தான் செம்பி நொண்ட ஆரம்பித்தாள். நாங்கள் இருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், விறகுக்கு மிலாறு அடுக்கி வைக்கும் இடத்தை ஒட்டி எங்கள் கோழிக்கூடு. மொத்தம் ஏழு கோழிகள். தீனி போடக் கூப்பிட்டால் முதலில் ஓடி வருபவள் செம்பி. அன்று கடைசியாக வந்தாள், வலது காலை ஊன்றாமல்.

"எங்கயாவது கல்லுல மோதியிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார் அம்மா. பக்கத்துக் காம்பரா மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "வாதம் புள்ள, மத்ததுக்கும் வந்துரும்" என்றார். அவர் பயந்தது மாரெக்ஸ் நோய்க்கு. முன்பு அவர் வளர்த்த குஞ்சுகள் ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக நீட்டிப் படுத்துச் செத்துப்போயின. அது வைரஸ் நோய். வந்த பிறகு மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த உடனேயே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் இளம் கோழிகளுக்கு வருவது. செம்பிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, தீனியும் நன்றாக எடுத்தாள், விரல்களில் பிடி இருந்தது. அதனால் மனம் முழுதாக ஒப்பவில்லை.

இருட்டிய பிறகு டோர்ச்சோடு கூட்டுக்குப் போனேன். இரவில் கோழி அடங்கிக் கிடக்கும், பிடிப்பது சுலபம். அப்பாவின் பழைய சாரத்தில் சுற்றி மடியில் மல்லாத்தி வைத்துப் பாதத்தைப் பார்த்தேன். உள்ளங்காலின் நடுவில், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்திருந்தால் பகலிலேயே தெரிந்திருக்கும். நாங்கள் மூன்று பேரும் நடையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, மற்றவர்களையும் பார்ப்போம் என்று கருப்பியைத் தூக்கினால் அங்கே வேறு கதை. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, அடியில் சுண்ணாம்புப் பொடி மாதிரி அப்பியிருந்தது.

மறுநாள் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, இரண்டு பேரையும் பஸ்ஸில் டவுனுக்கு, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். செம்பிக்கு வந்திருப்பது பம்பிள்ஃபுட் என்றார். உள்ளங்காலில் சின்னக் கீறல் விழுந்து, அதன் வழியாக ஸ்டெஃபிலோகொக்கஸ் பாக்டீரியா உள்ளே போய்விடுகிறது. "பிதுக்காதீங்க தங்கச்சி. கோழிக்குச் சீழ் தண்ணியா வராது, கட்டியாத்தான் இருக்கும்" என்றார். வீக்கம் மேலே ஏறினால் மட்டும் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அப்போது அவரே வெட்டி எடுப்பாராம், வீட்டில் பிளேடு வைக்கக் கூடாது. அந்தக் கிருமி மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

அப்புறம் தினமும் சாயங்காலம் இதே வேலை. ஒரு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பு போட்டு, பேசினில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊற வைப்பேன். முதல் நாள் உதறினாள். மூன்றாம் நாளிலிருந்து சூடு பட்டதும் கண்ணை மூடித் தூங்கிவிடுவாள். துடைத்து, அயோடின் தடவி, கோஸ் துணி வைத்துக் கட்டுவேன். கட்டு நனையக் கூடாது என்பதால் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் பெட்டி வைத்து, காய்ந்த வைக்கோல் பரப்பி அங்கேயே வைத்துக்கொண்டோம். ஆறாம் நாள் பொருக்கு ஊறித் தானாகக் கழன்றது. அதோடு அவித்த முட்டையின் மஞ்சள் கரு மாதிரி ஒரு கட்டி, பயறு அளவில், முழுதாக வெளியே வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. புண் ஆறிக் கால் ஊன்ற மூன்று வாரம் ஆனது.

கருப்பிக்குச் செதில் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத உண்ணி இனம், செதிலுக்கு அடியில் துளைத்துக்கொண்டு வாழும். மாமா மண்ணெண்ணெயில் முக்கச் சொன்னார். பல வீடுகளில் செய்வதுதான். ஆனால் அது தோலை எரித்துவிடும், நான் செய்யவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல் தூரிகையால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போனதும் வாசலின் பூசினேன். காற்றுப் போகாமல் பூச்சி செத்துவிடும். செதிலைப் பிய்த்தால் இரத்தம் வரும், அது தானாக உதிர வேண்டும். இரவில் கோழிகள் ஏறி உட்காரும் அடைக்கம்பு வழியாகவும் பரவும் என்பதால் ஏழு பேருக்கும் வாரம் இரண்டு முறை பூசினேன். கருப்பியின் கால் வழவழப்பாக மாதக்கணக்கில் ஆனது.

செம்பிக்குக் காயம் வந்த வழியைத் தேடினால், அது கூட்டுக்குள்ளேயே இருந்தது. கழுவ வசதியாக இருக்கட்டும் என்று போன வருடம் தரையில் சீமெந்து போட்டிருந்தோம். மழைச்சாரல் அடித்து எப்போதும் ஈரம், அங்கங்கே சல்லி வெளியே தெரிந்தது. அடைக்கம்போ என் நெஞ்சு உயரம். உடம்பு கனத்த கோழி தினமும் விடியற்காலை அங்கிருந்து அந்தத் தரையில் குதித்தால் பாதம் என்ன ஆகும்? மருந்தைவிட இதைச் சரிசெய்ததுதான் பெரிய வேலை என்று நினைக்கிறேன். அண்ணன் கம்பை ஒன்றரை அடிக்கு இறக்கினான், ஓரம் மழுக்கிய இரண்டு அங்குல மரமாக மாற்றினான். சாரல் வரும் பக்கம் தகரம் அடித்தோம். தச்சுப் பட்டறையில் மரச்சீவல் வாங்கி நான்கு அங்குலத்துக்குப் பரப்பினோம். நனைந்ததை உடனே அள்ளிவிடுகிறோம்.

இப்போது வாரம் ஒரு முறை இரவில் டோர்ச்சோடு போய் ஏழு பேரின் உள்ளங்காலையும் பார்க்கிறேன். போன ஞாயிறு சாம்பல் என்ற கோழியின் விரல் இடுக்கில் ஒரு முள் இருந்தது. எடுத்துவிட்டு அயோடின் தடவினேன்.