டேரன் ஸ்டீவன்ஸ் ஆடிய மைதானத்தில்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக்குக் குடிவந்த தொடக்க ஆண்டுகளில் எனக்குக் கிடைத்தது பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. காலையில் வேலை முடிந்து வெளியே வருகிறவனுக்குப் பகற்பொழுதில் போய் இருக்க இடமோ, பேச ஆளோ கிடைப்பது அரிது. கண்டர்பெரியில் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் மைதானம் எனக்கு அந்த இடமாயிற்று. மாவட்ட அணிகள் மோதும் கவுண்டி சாம்பியன்ஷிப் கிரிக்கெட் ஆட்டங்கள் வேலை நாட்களிலும் நடப்பவை, நான்கு நாட்கள் நீள்பவை. ஊரே அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் ஓய்வூதியர்களும் இரவு வேலைக்காரர்களும்தான் அங்கே வந்து அமர்ந்திருப்பார்கள். சிலர் எல்லைக்கோட்டின் ஓரத்திலேயே காரை நிறுத்தி, மடியில் போர்வையும் பக்கத்தில் தேநீர்க் குடுவையுமாக உள்ளிருந்தபடியே ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கென்ட் என்றால், 1995இல் அந்த அணிக்காக ஆடிய அரவிந்த டி சில்வாவும் 2003இல் பந்துவீசிய முரளிதரனும்தான். டேரன் ஸ்டீவன்ஸ் என்ற பெயரை இங்கு வந்த பிறகே அறிந்தேன். 1976இல் லெஸ்டரில் பிறந்து, சொந்த ஊர் அணியான லெஸ்டர்ஷயருக்குப் பெரும்பாலும் துடுப்பாட்டக்காரராக ஆடிய அவர், 2005இல் கென்ட்டுக்கு மாறினார். அவரை முழுமையான சகலதுறை வீரராக்கியது கென்ட்தான் என்பது என் துணிபு. வேறு ஊரிலிருந்து வந்து, வந்த இடத்தில் புதிதாக ஒரு தொழிலைக் கற்று, அதிலேயே நிலைபெற்ற மனிதர் என்பதால்தான் தொடக்கத்தில் என் கவனம் அவர்மேல் சென்றது.

அவருடைய பந்தில் வேகம் கிடையாது. விக்கெட் காப்பாளர் பெரும்பாலும் ஸ்டம்புகளை ஒட்டியே நிற்பார். குறுகிய ஓட்டத்தில் வந்து, பந்தின் தையல் நிமிர்ந்து நிற்கும்படி அதை விடுவார். ஏப்ரல், மே மாதங்களின் ஈரமான ஆடுகளத்தில் அது விழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது துடுப்பாட்டக்காரருக்குக் கடைசி நொடிவரை தெரியாது. பக்கவாட்டில் அமர்ந்து பார்த்தால் இதில் எதுவும் புலப்படாது. வழக்கமாக எனக்கருகில் அமரும் முதியவர் ஒருவர் ஒருநாள் என்னை விக்கெட்டுக்கு நேரே பின்னால் இருந்த இருக்கைக்கு அழைத்துச் சென்று காட்டினார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நீண்ட உரையாடல் அங்கேதான் நிகழ்ந்தது. அது முழுவதும் ஸ்டீவன்ஸின் பந்துவீச்சைப் பற்றியது.

2019 பருவத்தின் முடிவில் அவரை விடுவிப்பதாகக் கழகம் அறிவித்திருந்தது. அந்தச் செப்டெம்பரில் ஹெடிங்லியில் யோர்க்ஷயருக்கு எதிராக 39 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் விழுந்த நிலையில் களமிறங்கிய அவர், 43 வயதில் 225 பந்துகளில் 237 ஓட்டங்கள் குவித்தார். சாம் பில்லிங்ஸுடன் ஆறாவது விக்கெட்டுக்குச் சேர்த்தவை 346. இரண்டாவது இன்னிங்ஸில் 20 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். கென்ட் 433 ஓட்டங்களால் வென்றது, அவருக்குப் புதிய ஒப்பந்தமும் கிடைத்தது. வேலை நிரந்தரமில்லை என்ற கவலையோடு வாழ்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் செய்தி எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்பதை இப்போதும் என்னால் அளந்து சொல்ல முடியவில்லை.

2021 மே மாதம் கிளமோர்கனுக்கு எதிரான இன்னிங்ஸைக் கைபேசி நேரலையில் பார்த்தேன். 128 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் போயிருந்தன. மறுமுனையில் மிகுயெல் கம்மின்ஸ் விக்கெட்டை மட்டும் காத்துக்கொண்டு நிற்க, ஸ்டீவன்ஸ் 149 பந்துகளில் 15 சிக்ஸர்கள், 15 பவுண்டரிகளுடன் 190 ஓட்டங்கள் எடுத்தார். ஒன்பதாவது விக்கெட்டுக்குச் சேர்ந்த 166 ஓட்டங்களில் கம்மின்ஸின் பங்கு ஒன்றே ஒன்று! அதே ஆட்டத்தில் கிளமோர்கனுக்காக ஆடிய அவுஸ்திரேலியாவின் மார்னஸ் லபுஷேனை எல்.பி.டபிள்யூ முறையில் ஆட்டமிழக்கச் செய்ததும் இவர்தான். அந்த ஆண்டு விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு நூல் தன் ஐந்து சிறந்த வீரர்களுள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது.

இங்கிலாந்து அணிக்காக அவர் ஒருமுறைகூட ஆடவில்லை. முதல்தரப் போட்டிகளில் 16,000க்கும் மேற்பட்ட ஓட்டங்களும் 590ஐ ஒட்டிய விக்கெட்டுகளும் எடுத்தவரை நாட்டின் அணி ஒருநாளும் அழைக்காதது எனக்கு இன்றும் வருத்தமே. ஆனால் மைதானத்து முதியவர்கள் எவரும் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்குக் கென்ட் தொப்பியே போதுமானதாக இருந்தது. ஒரு மண்ணின்மீது அவர்கள் கொண்டிருந்த அந்தப் பற்று எனக்கு அந்நியமாகப் படவில்லை.

2022 பருவத்துடன் அவர் கென்ட்டை விட்டு விலகுவது உறுதியாயிற்று. அந்த ஆண்டு ஒருநாள் கிண்ண அரையிறுதியில், 46 வயதில், ஹாம்ப்ஷயரை வீழ்த்தி அணியை இறுதிப்போட்டிக்கு அழைத்துச் சென்றது அவருடைய துடுப்புத்தான். ட்ரென்ட் பிரிட்ஜில் நடந்த இறுதியில் கென்ட் லங்காஷயரை 21 ஓட்டங்களால் வென்றது. அதில் 97 ஓட்டங்கள் எடுத்தவர் ஜோயி எவிசன், இருபதே வயதான இன்னொரு சகலதுறை வீரர். இப்போது நான் என் மகனையும் மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறேன். எவிசன் பந்தெடுக்கும்போது, விக்கெட்டுக்கு நேரே பின்னால் இருக்கும் இருக்கைகளுக்கு நாங்கள் இடம் மாறிவிடுவோம்.