தேயிலைச் சக்கையில் காந்தக் கரி: மருந்து கலந்த நீருக்கு

விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி மாறாமலே சிறுநீரோடு வெளியேறுகிறது. சிப்ரோபிளொக்சசின் (நுண்ணுயிர்க்கொல்லி), டைகுளோபெனக் (வலிநிவாரணி) போன்றவை வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் முழுதாக நீங்குவதில்லை. கொழும்புக்குக் குடிநீர் தருவது பெரும்பாலும் களனி கங்கை, அம்பத்தலையில் அள்ளிச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறோம். நீரிலுள்ள மருந்தைப் பிடிக்கும் கரியை, பிறகு காந்தத்தால் திரும்ப எடுக்கும்படி இரும்பேற்றிச் செய்யும் இந்த வேலை நமக்கு வேண்டியது. மூலப்பொருளோ தேத்தண்ணிக் கடைகளில் வாளி வாளியாகக் கிடக்கிறது.

பிளேன்ரீ வடித்த சக்கையே நல்லது. பாலும் சீனியும் ஒட்டியிருந்தால் அவை கருகித் துளைகளை அடைக்கும். எதுவானாலும் கொதிநீரில் கழுவி, 105 பாகையில் உலர்த்தி, மூடிய புடக்குகையில் இறுக அடைத்து 500 பாகையில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆறுமுன் திறந்தால் கரி பற்றிச் சாம்பலாகிவிடும்.

சிலர் உலையைத் தவிர்த்துப் பச்சைச் சக்கையிலேயே இரும்பை ஏற்றுகிறார்கள். மருந்துக்கு அது சரிவராது. தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனின், பெரிக் உப்பை (இரும்பு உப்பு) தொட்டதும் கன்னங்கரேலென்று கறுக்கும். பழைய எழுத்து மை செய்ததும் இப்படித்தான். இரும்பு அதிலேயே செலவாகிவிடும். மிச்சத் தனின் நீரில் கசிந்து 280 நானோமீற்றருக்கு அருகில் ஒளியை உறிஞ்சும். மேற்சொன்ன இரண்டு மருந்துகளையும் 276 ஐ ஒட்டித்தானே அளக்கிறோம்? மருந்து நீங்கியிருந்தாலும் ஒளி உறிஞ்சலை அளக்கும் மானி நீங்கவில்லை என்றே காட்டும்.

கரியை அரைத்துச் சலித்து, சாம்பல் உப்புகள் போகும்வரை கழுவுங்கள். அவை தங்கினால் சோதனை நீரின் பிஎச் ஏறி, மருந்தின் மின்னேற்றமே மாறிவிடும்.

10 கிராம் கரிக்கு 5.4 கிராம் பெரிக் குளோரைட்டு (ஆறு நீர் கொண்டது), 2.8 கிராம் பெரஸ் சல்பேற்று (ஏழு நீர் கொண்டது). கொதிக்கவைத்து ஆறிய 200 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, கரியைச் சேர்த்து அரை மணி நேரம் கலக்குங்கள். 70 பாகையில், பிஎச் 10 தாண்டும்வரை 2 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விடுங்கள். 40 மில்லிலீற்றரை ஒட்டிப் போகும். கிடைப்பது ஏறத்தாழ 2.3 கிராம் மக்னடைட், காந்தம் இழுக்கும் இரும்பு ஒட்சைட்டு. இதற்குமேல் இரும்பை ஏற்றினால் காந்தம் நன்றாக இழுக்கும், ஆனால் துளைகள் மூடிக்கொள்ளும்.

வீழ்படிவு கறுப்பாக வரவேண்டும். துருநிறமாக வந்தால் பெரஸ் ஒட்சியேறிவிட்டது. பெரும்பாலும் பச்சை மங்கி மஞ்சள் படிந்த பழைய சல்பேற்றுதான் காரணம், போத்தலை மாற்றுங்கள்.

கழுவும்போது முகவைக்கு வெளியே காந்தத்தைப் பிடியுங்கள். கறுப்புத்தூள் ஒரு பக்கச் சுவரில் திரண்டு ஏறும். நீர் மட்டும் சாம்பல்நிறமாகவே நிற்கும். இரும்பு பிடிக்காத கரித்துகள் அது. நீர் தெளியும்வரை வடித்து ஊற்றிவிடுங்கள். இந்த இழப்பைப் பார்க்கக் கூடாது.

சோதனைக்கு 10 மில்லிகிராம்/லீற்றர் மருந்துக் கரைசலில் 50 மில்லிலீற்றரும் 50 மில்லிகிராம் தூளும் போதும். மருந்தில்லாமல் தூள் மட்டும், தூளில்லாமல் மருந்து மட்டும் என்ற இரண்டு ஒப்பீடுகளையும் கட்டாயம் வையுங்கள். பிஎச் 4 இற்குக் கீழே டைகுளோபெனக் தானாகவே படியும், அதைக் கரியின் கணக்கில் எழுதக் கூடாது. காய்ச்சி வடித்த நீரோடு நிறுத்தாமல் களனி நீரிலும் பாருங்கள். இயற்கைக் கரிமப் பொருள்கள் கரியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து நீங்கும் அளவைச் சொல்லும் எண் குறையும். எனக்கு அந்தக் குறைந்த எண்தான் முக்கியம்.

மீளப் பயன்படுத்த 0.1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டில் கழுவுங்கள். அமிலம் மக்னடைட்டைக் கரைக்கும். கழுவிய நீரில் மருந்து செறிந்திருக்கும். அதைத் தொட்டியில் ஊற்றாமல், பெயரெழுதிய போத்தலில் சேர்த்து எரிப்புக்கு அனுப்புங்கள்.