மாத்திரை அட்டையை நீட்டியதும்

ஒற்றைத் தலைவலிக்கு டோபிரமேட் மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை, எதிரே வந்த பஸ்ஸின் எண் தெரியவில்லை. ஆனால் வெள்ளெழுத்து விழுந்த என் கண்ணுக்குச் செய்தித்தாளின் பொடி எழுத்து கண்ணாடி போடாமலே தெரிந்தது. அதை நல்ல சகுனமாக வேறு எடுத்துக்கொண்டேன்!

கண்ணாடிக் கடையில் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 3 என்றார்கள். "ஒரே வாரத்திலா?" என்றேன். "கைப்பேசி அதிகம் பார்ப்பீர்களோ?" என்றார் கடைக்காரர். பிரேம் தேர்ந்தெடுத்து 500 ரூபாய் முன்பணம் கட்டினேன்.

அன்றிரவு இரு கண்களும் வலித்தன. விளக்கைச் சுற்றி வானவில் வளையம். தலைவலிதான் திரும்புகிறது என்று அந்த வேளை மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கிவிட்டுப் படுத்தேன். விரல் நுனி மரக்கும், சோடா சப்பென்று இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இரண்டும் நடந்தன. கண்ணைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அமெரிக்காவில் 2001இலேயே மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் கண் மருத்துவமனையில் அழுத்தம் பார்த்தார்கள். 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, வலது கண்ணில் 42, இடது கண்ணில் 40. இளம் மருத்துவர் லேசர் என்றார். மூத்த மருத்துவர் மட்டும், "இரண்டு கண்ணும் ஒரே நாளில், திடீர்க் கிட்டப்பார்வையும் சேர்ந்து வந்திருக்கிறதே. புதிதாக என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். பையிலிருந்த அட்டையை நீட்டினேன். பெயரைப் படித்ததுமே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

விழிலென்ஸைச் சுற்றியுள்ள திசுவில் நீர் கோத்து, லென்ஸும் கருவிழித்திரையும் முன்னால் தள்ளப்பட்டிருந்தன. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலை அதனால்தான் அடைபட்டது. கருவிழித்திரையில் லேசரால் துளை போட்டால் இந்த அடைப்பு திறக்காது. மாத்திரையை நிறுத்த வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டே நிறுத்தச் சொன்னார். வலிப்புக்காக இதைச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம்.

அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்தோடு அட்ரோபினும் கொடுத்தார். அந்த மூலை அடைபடும் வழக்கமான கிளாக்கோமாவில் (கண் அழுத்த நோயில்) தொடவே கூடாத மருந்து, இங்கே லென்ஸைப் பின்னுக்கு இழுக்க உதவுகிறது. பாவை அகல விரிந்து, பகல் வெளிச்சத்தில் வாசல் தாண்ட முடியவில்லை.

மூன்றாம் நாள் அழுத்தம் 18. எட்டாம் நாள் தெருமுனை பஸ்ஸின் எண்ணை உரக்கப் படித்தேன். அன்று மாலையே கடையிலிருந்து அழைப்பு: "சார், மைனஸ் 3 கண்ணாடி தயார். மீதிப் பணத்தோடு வாருங்கள்."