ஓவன், சசூன், அப்புறம் ஐவர் கர்னி

முதல் உலகப்போர் கவிதைன்னாலே பதுங்குகுழி, சேறு, எலின்னுதான் பேச்சு வரும். எனக்கென்னவோ அதெல்லாம் தாண்டி, போர்முனையை விட்டு வந்தப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்ற வரிங்கதான் தூக்கத்தைக் கெடுக்குது.

போர்ல சண்டை போட்ட இங்கிலீஷ் கவிஞர் வில்ஃப்ரட் ஓவனோட "டல்ஸே எட் டெகோரம் எஸ்ட்" எடுத்துக்கோங்க. விஷவாயு வருது, எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு முகமூடி மாட்டுறாங்க, ஒருத்தனால மட்டும் முடியல, பச்சை வெளிச்சத்துக்குள்ள மூழ்குறான். அப்புறம் தனியா ரெண்டே வரி வரும் பாருங்க, என் எல்லாக் கனவுலயும் அவன் மூச்சுத் திணறி என்மேல பாயுறான், நான் ஒண்ணும் செய்ய முடியாம பார்த்துக்கிட்டிருக்கேன்னு. பயத்தைவிட, காப்பாத்தலையேங்கிற குறுகுறுப்புதான் அதுல பெருசா தெரியுது.

இதை அவர் எழுத ஆரம்பிச்சது 1917ல, எடின்பரோ பக்கம் க்ரெய்க்லாக்ஹார்ட்ங்கிற ராணுவ ஆஸ்பத்திரியில, ஷெல் ஷாக்னு, அதாவது போர் அதிர்ச்சியில மனசு கலங்கிப்போச்சுன்னு, அங்க அனுப்பியிருந்தாங்க. போரை எதிர்த்து அறிக்கை விட்ட இன்னொரு சிப்பாய்க் கவிஞர் சிக்ஃப்ரிட் சசூனும் அங்கதான். சசூனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ரிவர்ஸ், நம்ம நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பத்தி 1906ல புத்தகம் போட்டாரே, அதே ஆள்தான்! நினைவுகளை அமுக்கி வைக்காதீங்கன்னு சொன்ன மனுஷன். ஆனா ஆஸ்பத்திரியோட வேலை என்னவோ ஆளைத் தேத்தி மறுபடி சண்டைக்கு அனுப்புறதுதான். ஓவன் அப்படித்தான் திரும்பிப் போய், போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது செத்துப்போனார்.

சசூன் அங்கயே எழுதின "சர்வைவர்ஸ்", சீக்கிரம் சரியாயிடும், கொஞ்சம் அதிர்ச்சிதான்னு சொந்தக்காரங்க ஆறுதல் சொல்ற தொனியில ஆரம்பிக்கும். கடைசியில, அதிர்ச்சியில இருக்கிற அந்தச் சிப்பாய்ப் பசங்க உங்களை வெறுப்போட பார்ப்பாங்க. ஓவனோட "மென்டல் கேசஸ்" இன்னும் மோசம், புத்தி பேதலிச்ச சிப்பாய்ங்களைக் காட்டி, இவங்களை இப்படி ஆக்கினதே நாமதான்னு நம்மையும் சேர்த்து இழுத்துவிட்டுடுவார், உச்சுக்கொட்டிட்டு நழுவ முடியாது.

இவங்க ரெண்டு பேரும் ஆபீசருங்க. ஐவர் கர்னி சாதா சிப்பாய், இசையமைப்பாளரும்கூட. போருக்கு முன்னாடியே மனசு சரியில்லாமப் போனவர்தான், அதனால எல்லாப் பழியையும் போர்மேல போட மாட்டேன். 1922ல மனநல ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, 1937ல சாகுறவரைக்கும் வெளிய வரல, உள்ள இருந்தும் போரைப் பத்தியே எழுதிக்கிட்டிருந்தார். யாரைப் படிக்கலாம்னு கேட்டா இவரைத்தான் சொல்லுவேன். "தி சைலன்ட் ஒன்"லேர்ந்து ஆரம்பிங்க: முள்கம்பியில ஒருத்தன் செத்துத் தொங்குறான், கம்பியில அங்க ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா ஊர்ந்து போறியான்னு ஆபீசர் நாசூக்கா கேட்குறார், இவரும் அதே மரியாதையோட முடியாதுங்க சார்னு சொல்லிட்டுப் படுத்துக்கிறார்.