விளக்குப் பக்கம் உட்காருவதா, நிழல் பக்கம் உட்காருவதா?

பல்கலைக்கழகங்களின் ஆசியவியல் துறைகளில், நிகழ்ச்சி நிரலில் ஒரு பிரிவினை உண்டு. வியாழன் மாலை உரை என்றால் இருபது பேர் வருவார்கள், அத்தனை பேரும் அதே துறை. சனிக்கிழமை ‘கலாச்சார விழா’ என்றால் கூட்டம் அள்ளும். சாப்பாடு, கலர் கலராக உடை, என்னவென்றே புரியாமல் கைதட்டு வாங்கும் ஒரு நடனம். இரண்டுக்கும் தனித்தனிக் குழு, தனித்தனி பட்ஜெட். கச்சேரி கேட்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ‘லெக்-டெம்’ (விளக்கவுரையும் செய்துகாட்டலும்) வடிவத்தை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும். இருபது நிமிடம் பேச்சு, ஒரு மணி நேரம் ஆட்டமோ பாட்டோ, பிறகு கேள்வி. எல்லாம் ஒரே மேடையில்.

இந்தோனேசியத் தீவான ஜாவாவின் வயாங் குலிட் என்னும் தோற்பாவை நிழல்கூத்தையே பார்ப்போம். வழக்கமாக இரவில் தொடங்கி விடியும்வரை போகும் ஆட்டம். பல்கலைக்கழகத்தில் அதிகபட்சம் இரண்டு மணி நேரம் கிடைக்கும். எதை வெட்டுவது என்பதைப் பாவையாட்டும் தலாங்கிடமே விட்டுவிடுங்கள். துறை கத்தரிக்கப் போனால் சண்டைக் காட்சி மட்டும் மிஞ்சும். செமாரும் அவர் பிள்ளைகளும் வரும் கோமாளிக் காட்சி போய்விடும். அன்றன்றைய சமாச்சாரங்களைக் கிண்டலடிக்கிற இடமே அதுதான்.

அடுத்தது இடம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். திரைக்கு ஒரு பக்கம் நிழல் தெரியும். மறுபக்கம் தலாங், தலைக்கு மேலே விளக்கு, பின்னால் கமலான் என்னும் வெண்கலத் தாளக்கருவி இசைக்குழு. ஜாவாவில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாற்காலிகளைத் தரையில் அறைந்த பெரிய அரங்கில் இது நடக்காது. சமதளமான கூடம் வேண்டும், திரைக்கு இருபுறமும் தாராளமாக இடம் வேண்டும், ஓரமாக நடந்து போக வழி வேண்டும். “நடுவில் எழுந்து சுற்றி வந்து பாருங்கள்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பல்கலைக்கழகப் பார்வையாளர்கள் மரியாதையாக உட்கார்ந்தே இருப்பார்கள். அவசர வழி விளக்கை அணைக்க முடியாது. அதன் வெளிச்சம் திரையில் விழாதபடி திசையைத் தேர்ந்தெடுங்கள்.

திரையின் அடியில் வாழைத்தண்டு கிடக்கும். பாவையின் கொம்புப் பிடியின் நுனியை அதில் குத்தித்தான் நிறுத்துவார்கள். வாழை கிடைக்காத ஊரில் அடர்த்தியான ஃபோம் கட்டையை வைப்பதுண்டு. மெத்தைக்குப் போடுகிற ரகம் உதவாது, பாவை சாய்ந்துவிடும். தலாங்கிடம் முன்கூட்டியே ஒரு துண்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். கமலான் இருக்கும் கூடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், கருவிகளைத் தாண்டிப் போகக் கூடாது. வாசலில் ஓர் அலமாரி வைத்துவிட்டால் ஒவ்வொருவரிடமாகச் சொல்லவேண்டியதில்லை.

தரையில் உட்கார்ந்து வாசிக்கும் எந்தக் கச்சேரிக்கும் ஓரடி, ஒன்றரையடி உயரத்தில் ஒரு மேடை தேவை. இல்லாவிட்டால் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் தலைகள்தான் தெரியும். மிருதங்கமோ தபலாவோ இருந்தால் குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் முன்பே போட்டு, நிகழ்ச்சி முடியும்வரை மாற்றாமல் வையுங்கள். அறையின் ஈரப்பதமும் சூடும் மாறினால் தோல் இறுகும், தளரும், சுருதி நழுவும். குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குவதாக இருந்தால் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகை உணரிக்கு மங்கலம் தெரியாது.

உரைக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் கணக்கு மாறும். பேச்சாளர் நிறுத்த நிறுத்த மொழிபெயர்க்கும் முறையில் ஐம்பது நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடச் சரக்குதான் போய்ச் சேரும். இதைப் பேச்சாளரிடம் அழைக்கும்போதே சொல்ல வேண்டும். மேற்கோள் பாடல்கள், ஊர்ப்பெயர்கள், கலைச்சொற்கள் எல்லாம் ஒரு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்க வேண்டும். பழைய செய்யுள் ஒன்றை மேடையில் முதன்முறையாகக் கேட்டு யாராலும் மொழிபெயர்க்க முடியாது.

சுவரொட்டியில் இரண்டு பொறிகள். ஒன்று பெயர். சீன, கொரியப் பெயர்களில் குடும்பப்பெயர் முன்னால் வரும். இந்தோனேசியர் பலருக்கு ஒரே பெயர்தான், அந்நாட்டின் முதல் அதிபர் சுகர்னோவுக்கு அப்படித்தான். நம் தலைப்பெழுத்து அப்பா பெயர், அதைக் குடும்பப்பெயர் ஆக்கினால் பேச்சாளரின் தகப்பனாரை மேடைக்குக் கூப்பிட்டது போலாகிவிடும். எப்படி அச்சிட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். மற்றொன்று எழுத்துரு. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் ‘கொ’ உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். சீன எழுத்தில் தவறு இன்னும் நுட்பமானது. ‘எலும்பு’ என்று பொருள்படும் எழுத்துக்குச் சீனத்திலும் ஜப்பானியத்திலும் கணினியில் ஒரே யூனிகோட் எண்தான், ஆனால் உள்ளே இருக்கும் மடிப்பு எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருக்கும். ஜப்பானிய நிகழ்ச்சிக்குச் சீன எழுத்துருவைப் போட்டால் படிக்கத் தெரிந்தவர் கண்ணில் முதலில் அதுதான் உறுத்தும். அச்சுக்குப் போகும் கோப்பை அந்தந்த மொழி தெரிந்த ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

தேதி குறிக்கும்போது எல்லா நாட்காட்டிகளையும் பக்கத்தில் வையுங்கள். சந்திரப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே நகரும். 2026இல் அது பிப்ரவரி 17, ரமலான் நோன்பு தொடங்கியதும் அதே வாரம். அந்த நாட்களில் மதிய விருந்தோடு விழா வைத்தால் பாதி மாணவர்கள் ஓரமாக நிற்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு வைத்தால் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்.

கேள்வி நேரத்தில் மைக்கைத் தன்னார்வலர் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், “இது கேள்வி இல்லை, ஒரு கருத்து” என்பவரிடமிருந்து அது திரும்பி வராது. கேள்வி நேரம் முடிந்ததும் பார்வையாளர்களை வாழைத்தண்டு அருகே கூப்பிடுங்கள். தோலைத் தொடாமல் கொம்புப் பிடியில் மட்டும் பிடிக்கச் சொல்லி, ஒரு பாவையைத் தலாங் கையால் கொடுக்கச் செய்யுங்கள். கூட்டத்தில் கைதூக்காத மாணவர்கள் வாய் திறப்பது இங்கேதான். இதற்காகக் கூடத்தை அரை மணி கூடுதலாகப் பதிவுசெய்யுங்கள். இல்லையென்றால் சாவிக்கொத்தோடு காவலாளி வாசலில் வந்து நிற்பார்.